மலைத் தீயும் மண்ணடிப் பூசணமும்

ஜாவாத் தீவின் படத்தை விரித்துப் பார்ப்போர்க்கு முதலில் கண்ணில் படுவது, மேற்கிலிருந்து கிழக்காக முதுகெலும்பு போல ஓடும் எரிமலை வரிசையாகும். மேற்கே கெடே, பங்ராங்கோ என்னும் இரட்டை மலைகள், நடுவே லாவு, கிழக்கே அர்ஜுனோ, புரோமோ, 3,676 மீட்டர் உயரமுள்ள செமேரு. எல்லாம் எரிமலைச் சாம்பல் படிந்த மண். எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ளவை. ஆயினும் மேற்கு மலைகளில் ஏறுபவன் காண்பது பாசி தொங்கும் இருண்ட பலமரக் காடு. கிழக்கு மலைகளில் ஏறுபவன் காண்பதோ கீழே புல்லும் மேலே சவுக்குமாக நிற்கும் வெளிச்சமான ஒருமரக் காடு. ஒரே தீவில் இந்த வேற்றுமை ஏன்?

கிழக்கே கோடை நீண்டது, மழை குறைந்தது என்பது விடையின் ஒரு பாதி. மற்றப் பாதி தீ. தீ என்றவுடன் நாம் எரியும் மரங்களையே நினைக்கிறோம். ஆனால் ஒரு மலைக்காடு மீளுமா, மீளாதா, மீண்டால் எந்த உருவில் மீளும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, தீயின் சூடு மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கிற்று, அங்கே வாழும் பூசண இழைகளில் எவை பிழைத்தன என்னும் செய்தியே. இதை மனிதர் அறிந்துகொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. துண்டு துண்டாக வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு காரியங்களுக்காகக் கண்டறிந்த உண்மைகள் பிறகுதான் ஒன்று சேர்ந்தன. அவ்வரலாற்றையே ஈண்டுச் சொல்லப் புகுகிறேன்.

அவ்வரலாற்றின் முதல் மனிதர் ஃபிரான்ஸ் யுங்ஹூன் என்னும் ஜெர்மானியர். 1809 ஆம் ஆண்டில் மான்ஸ்ஃபெல்ட் என்னும் ஊரில் பிறந்தவர். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருவரோடு துப்பாக்கிச் சண்டையிட்டதற்காகப் பத்தாண்டுக் கோட்டைச் சிறை விதிக்கப்பட்டார். பித்துப் பிடித்தவர்போல நடித்துத் தப்பி, பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில் சேர்ந்து அல்ஜீரியா சென்று, நோயுற்றுப் பாரிஸ் வந்து சேர்ந்தார். அங்கே அவர் தேடிச் சென்று கண்டவர் பெர்சூன். காளான்களையும் பூசணங்களையும் வகைப்படுத்தும் கலைக்கு அடிகோலிய பெரியார் அவர். அப்போது முதுமையிலும் வறுமையிலும் வாழ்ந்துகொண்டிருந்தார். யுங்ஹூனுக்கும் இளமை முதலே காளானில்தான் ஆசை. டச்சுக்காரருடைய குடியேற்ற நாடுகளுக்கு மருத்துவராகப் போகும்படி பெர்சூன் சொன்ன யோசனையை ஏற்று, 1835 இல் யுங்ஹூன் ஜாவாவில் வந்து இறங்கினார். இப்படிப்பட்ட வாழ்க்கையைக் கதையில் படித்தால் நாம் நம்பமாட்டோம்.

ஜாவாவில் அவர் ஏறாத பெரிய மலை இல்லை என்றே சொல்லலாம். தீவின் தாவரங்களை உயரத்துக்கு ஏற்ப நான்கு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார்: சுமார் 650 மீட்டர் வரை வெப்ப அடுக்கு, 1,500 வரை மித அடுக்கு, 2,500 வரை குளிர் அடுக்கு, அதற்கு மேல் கடுங்குளிர் அடுக்கு. இந்தோனேசியப் பள்ளிப் பிள்ளைகள் இப்பிரிவை இன்றும் அவர் பெயரால் படிக்கிறார்கள். கிழக்கு மலைகளில் தனித்து நிற்கும் சவுக்குக் காடுகளையும் அவர் எழுதி வைத்தார். அச்சவுக்குக்கு மிக்வெல் என்னும் டச்சுத் தாவர அறிஞர் யுங்ஹூனின் பெயரையே சூட்டினார். நம் தமிழ்நாட்டு உழவர்கள் ‘ஜுங்குனியானா சவுக்கு’ என்று சொல்லி நட்டு வளர்ப்பது இந்த இனத்தைத்தான். பெயர் நம் வாயில் சற்று உருமாறிவிட்டது, ஆள் அவரே.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். ஜாவாவின் காளான்களைப் பற்றி 1838 இலேயே நூல் எழுதியவர் யுங்ஹூன். அத்தீவின் எரிமலைச் சரிவுகளையும், எரித்த புல்வெளிகளையும், அவற்றில் நிற்கும் சவுக்கையும் அவரைவிட நன்றாகக் கண்டவர் அக்காலத்தில் இல்லை. பூசணம், தீ, காடு ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் கண்முன் இருந்தன. எனினும் அவற்றை இணைத்துப் பார்க்க அவரால் இயலவில்லை. அறிவுக்குறை அன்று காரணம்; அதற்குரிய கருத்தே உலகில் அப்போது பிறக்கவில்லை. பூசணம் என்றால் செத்ததை அழுகச் செய்வது அல்லது கோதுமைத் துரு போன்ற நோயைத் தருவது. அவ்வளவுதான் அன்று அறிந்தது. உயிருள்ள மரத்துக்கு அது உணவூட்டும் என்று யாரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பார்கள். யுங்ஹூன் 1864 இல் லெம்பாங் என்னும் மலையூரில் காலமானார். இறுதி நேரத்தில், மலைகளுக்கு விடை சொல்ல வேண்டும், சன்னலைத் திறந்துவிடுங்கள் என்று அவர் கேட்டதாகக் கூறுவர்.

அவர் மறைந்து இருபத்தோராண்டு கழித்து அக்கருத்துப் பிறந்தது. பிறந்த இடம் பெர்லின். பிறந்த காரணம் நாக்குச் சுவை. நிலத்துக்கு அடியில் விளையும் ட்ரஃபிள் என்னும் காளான் ஐரோப்பாவில் பெருவிலை பெறுவது. அதைப் பிரஷ்ய நாட்டில் பயிரிட முடியுமா என்று ஆராயும்படி அரசாங்கம் ஃபிராங்க் என்னும் தாவரவியல் பேராசிரியரைப் பணித்தது. ட்ரஃபிள் பயிராகவில்லை. ஆனால் அது விளையும் மரங்களின் வேர்களை அவர் தோண்டி எடுத்து உருப்பெருக்கியில் வைத்தபோது, நுனி வேர் ஒவ்வொன்றும் பூசண இழையால் உறை போட்டது போல் மூடியிருக்கக் கண்டார். நோய்க்குறி ஒன்றும் இல்லை. மரம் செழிப்பாகவே இருந்தது. வேரும் பூசணமும் சேர்ந்த இவ்வுறுப்புக்கு 1885 இல் அவர் இட்ட பெயர் ‘மைக்கோரைசா’. தமிழில் வேர்ப்பூசணம் எனலாம். மரம் இலையில் சமைத்த சர்க்கரையைப் பூசணத்துக்குக் கொடுக்கிறது. பூசணம் தன் மெல்லிழைகளை வேர் எட்டாத மண்துளைகளில் செலுத்தி நீரும் பாஸ்வரமும் பிற உப்புகளும் திரட்டி மரத்துக்குக் கொடுக்கிறது. இக்கொடுக்கல் வாங்கலை முதலில் நம்பியவர் சிலரே.

நம்பாதவர்களுக்கு விடையாக ஃபிராங்க் ஒரு சோதனை செய்தார். பைன் விதைகளைச் சில தொட்டிகளில் காட்டு மண்ணிலும், வேறு சில தொட்டிகளில் அதே மண்ணைச் சூடேற்றி உயிர்களைக் கொன்ற பிறகும் விதைத்தார். சூடேற்றிய மண்ணில் கன்றுகள் நலிந்தன. 1894 இல் வெளியான இந்த முடிவைத் தீயின் வரலாற்றில் சேர்த்து எழுதுபவர் குறைவு. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில், காட்டுத் தீ ஒரு மலைச் சரிவுக்குச் செய்வதை ஃபிராங்க் ஒரு பூந்தொட்டிக்குச் செய்து பார்த்தார்.

ஆனால் மாணவர்கள் இங்கே ஒரு தடையை எழுப்பலாம், எழுப்ப வேண்டும். குறிஞ்சி நிலத்து மக்கள் காட்டைச் சுட்டுத் தினை விதைத்ததாகச் சங்கப் பாடல்களில் படிக்கிறோம். சுட்ட புனத்தில் தினை கொழித்து விளைந்ததே! மண்ணைச் சுடுவது கேடு என்றால் அது எப்படி? இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ரஸ்ஸலும் ஹட்சின்சனும் 1909 இல் கண்டதும் இதற்கு ஒத்ததே: மண்ணை ஓரளவு சூடேற்றினால் பயிர் முன்னைவிட நன்றாக விளைந்தது. செத்த நுண்ணுயிர்களின் உடலும் சாம்பலும் உரமாகி, நைட்ரஜன் பயிருக்கு எளிதில் கிட்டுகிறது. ஆக, இரண்டும் உண்மை. சில மாதத்தில் அறுவடையாகும் பயிருக்குச் சுட்ட மண் ஒரு விருந்து. நூறாண்டு நிற்க வேண்டிய மரத்துக்கோ விருந்து முடிந்த பிறகும் நாள்தோறும் சோறு போடும் துணை வேண்டும். அத்துணை அந்தச் சூட்டில் வெந்து போயிருக்கலாம். புனத்தை இரண்டொரு போகத்துக்குப் பின் விட்டுவிட்டு மலைமக்கள் வேறிடம் சென்றதையும் நினைத்துப் பாருங்கள்.

ஐரோப்பியக் குளிர்நாட்டு மரங்களில் கண்டது வெப்ப மண்டல மலைகளுக்கும் பொருந்துமா? இதற்கு விடை தேடியவர் ஜான்ஸே என்னும் டச்சு அறிஞர். தேடிய இடம் மீண்டும் ஜாவா. புய்தன்சோர்க் என்று அன்று பெயர் பெற்ற போகோர் தாவரத் தோட்டம், கெடே மலைச் சரிவில் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் சிபோதாஸ் என்னும் கிளைத் தோட்டம் ஒன்றை வைத்திருந்தது. அதற்கு மேலே கன்னிக்காடு. அதில் ஒரு பகுதியைத் தோட்டத்தின் தலைவர் திரூப் என்பவர் 1889 இலேயே வெட்டாது காக்கும்படி செய்திருந்தார். ஜான்ஸே அம்மலைக்காட்டில் மரம், செடி, பெரணி, பாசி எனப் பற்பல குடும்பங்களைச் சேர்ந்த 75 வகைத் தாவரங்களின் வேர்களை எடுத்துச் சீவிப் பார்த்தார். மிகப் பெரும்பாலானவற்றில் பூசணம் இருந்தது. ஃபிராங்க் கண்டதுபோல் வேரின் மேலே உறையாக அன்று. வேரின் அறைகளுக்கு உள்ளேயே நுழைந்து, சிறு பைகள் போன்ற உருண்டைகளை உண்டாக்கி வாழ்ந்தது. 1897 இல் அவர் வெளியிட்ட அக்கட்டுரை, உலக முழுவதும் பெரும்பான்மைத் தாவரங்களில் வாழும் உள்வேர்ப் பூசணத்தை விளக்கிய முதன்மையான எழுத்துகளில் ஒன்று. அப்பைகளுக்கு அவர் இட்ட பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

இரு வகையும் ஜாவா மலைகளில் அருகருகே உண்டு. மலை ஓக்கும், அதன் உறவான காட்டுச் செஸ்ட்நட்டும் வேரின் மேல் உறையிடும் பூசணத்தோடு வாழ்பவை. அவற்றின் அருகே நிற்கும் ரசமாலா முதலிய மரங்கள் உள்வேர்ப் பூசணத்தோடு வாழ்பவை. தீக்குப் பின்னர் இந்த வேற்றுமை பெரிய பொருளுடையதாகிறது. உறைப்பூசணங்களிற் பல, தரைக்கு மேலே குடைக்காளானாக மலர்ந்து, சிதல் என்னும் நுண்விதைகளைக் காற்றில் கோடிக்கணக்கில் தூவுகின்றன. உள்வேர்ப் பூசணமோ குடை விரிப்பதில்லை. அதன் சிதல்கள் பெரியவை, மண்ணுக்குள்ளேயே கிடப்பவை. மண்புழுவும் எலியும் பெருமழையும் சுமந்தால்தான் அவற்றுக்குப் பயணம். எனவே எரிந்த சரிவுக்குப் பக்கத்தில் எரியாத காடு ஒரு துண்டேனும் நிற்கிறதா என்பது, நாம் வெளியிலிருந்து எண்ணுவதைவிட மிக முக்கியமான கேள்வி.

பூசணம் இல்லாவிட்டால் மரம் இல்லை என்பது வெறும் ஏட்டுக் கொள்கை அன்று. மேற்கிந்தியத் தீவான போர்ட்டோ ரிக்கோவில் பைன் மரம் இயற்கையாக இல்லை. அங்கே அதை வளர்க்கப் பல்லாண்டு முயன்றார்கள். கன்றுகள் முளைக்கும், மஞ்சளாகும், மடியும். 1955 இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளுக்கு இட்டார்கள். இட்ட கன்றுகள் தலைநிமிர்ந்தன. உரம் செய்யாததை அயல்நாட்டு மண் ஒரு கைப்பிடி செய்தது. பழைய பைன் காட்டு மண்ணை நாற்றங்காலில் கலப்பது இந்தோனேசிய வனத்துறையினரும் கையாண்ட முறையே. ஆயிரம் பக்க நூலைவிட இந்த ஒரு நிகழ்ச்சி வேர்ப்பூசணத்தின் தேவையை மாணவர்க்கு நன்கு உணர்த்தும்.

இனி, தீயின் சூடு மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். இதை அளந்தவர்களுள் ஆஸ்திரேலியாவின் பீடில் ஒருவர். அவருடைய கட்டுரை 1940 இல் வந்தது. மண் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். புல் எரிந்து ஓடும் தீ, பார்ப்பதற்குப் பயங்கரமானதாயினும், ஓரிடத்தில் சில நிமிடமே நிற்கும். ஓரிரு அங்குலத்துக்குக் கீழே மண் ஏறக்குறைய பழைய குளிர்ச்சியிலேயே இருக்கும். ஈர மண்ணாயின், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகித் தீரும் வரை கொதிநிலையைத் தாண்டிச் சூடேறாது. ஆனால் ஒரு பெருமரம் விழுந்து கிடந்து நாட்கணக்கில் கனன்றால், அதன் அடியில் சூடு பன்மடங்கு ஆழம் செல்லும். பூசண இழைகளிற் பலவற்றுக்கு ஏறத்தாழ 60 டிகிரி சென்டிகிரேடே மரண எல்லை. ஈரச் சூடாக இருந்தால் இன்னும் விரைவில் மடியும். ஆகவே சுவாலையின் உயரத்தைவிட அது தங்கும் நேரமே மண்ணடி உயிர்களுக்கு எமன்.

அதே 60 டிகிரி வேறொரு பூசணத்துக்குப் பிறந்தநாள் என்பதுதான் இயற்கையின் வேடிக்கை. 1842 இல் பாரிஸ் நகரத்து ரொட்டிக் கிடங்குகளில் செம்மஞ்சள் நிறப் பூசணம் ஒன்று பரவி அரசாங்கத்தையே திகைக்க வைத்தது. அடுப்புச் சூட்டுக்கும் அது சாகவில்லை. ஜாவாவின் மேற்குப் பகுதியில் கடலைப் பிண்ணாக்கின் மேல் இதே இனத்துப் பூசணத்தை வளர்த்து ‘ஒன்ச்சோம்’ என்னும் உணவு செய்வதை வெண்ட் என்னும் டச்சு அறிஞர் 1901 இல் விரிவாக எழுதினார். பிறகு 1923 இல் ஜப்பானில் பெரும் பூகம்பமும் தீயும் டோக்கியோவை அழித்தபோது, கரிந்த மரங்களின் மேலெல்லாம் சில நாட்களில் இந்தச் செம்மஞ்சள் மலர்ந்து நின்றது. அமெரிக்கரான டாட்ஜ் இதன் மர்மத்தைத் துலக்கினார். இதன் உறங்கும் சிதல்களைச் சூடேற்றினால்தான் அவை முளைக்கும்! ஷியரும் டாட்ஜும் 1927 இல் இதற்கு நியூரோஸ்போரா என்று பெயரிட்டனர். பரம்பரை இயலில் இதைக் கொண்டே பீடிலும் டேட்டமும் 1941 இல் பெருஞ் சோதனைகள் செய்து, 1958 இல் நோபெல் பரிசு பெற்றார்கள். (இந்தப் பீடில் வேறு, மண்ணின் சூட்டை அளந்த பீடில் வேறு. தேர்வுத்தாளில் இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள்.) அறுவடைக்குப் பின் சருகை எரித்த கரும்புத் தோட்டத்தில் கட்டைகளின் மேல் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கிராமத்து மாணவர் சிலர் கண்டிருக்கக்கூடும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ரமேஷ் மகேஷ்வரி, கரும்பு வயலிலேயே இப்பூசணத்தின் வாழ்க்கையைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்.

தீயை விரும்பும் பூசணங்கள் இன்னும் பல உண்டு. கரிமண் மேல் இளஞ்சிவப்புத் தட்டுகள் போல நெருங்கிப் படரும் பைரோனீமாவைப் பற்றி அமெரிக்கரான சீவர் 1909 இல் எழுதினார். 1980 இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்த பிறகு அதன் சரிவுகளை ஆராய்ந்தவர்கள், தீயாலும் எரிமலைச் சூட்டாலும் எழுப்பப்படும் இத்தகைய இனங்களுக்குச் சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையின் பெயரையே 1985 இல் சூட்டினர். தீ இல்லாத ஆண்டுகளில் இவை எங்கே ஒளிந்திருக்கின்றன? பாசிகளின் உடலுக்குள்ளும் கற்பாசிகளின் உடலுக்குள்ளும் சில இனங்கள் சத்தமின்றி வாழ்வதை 2020 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது.

ஆனால் இவற்றைக் கண்டு காடு மீண்டுவிட்டது என்று மகிழ்வது தவறு. இவற்றிற் பெரும்பாலானவை எரிந்ததைத் தின்று வாழ்பவை; மரத்தின் வேரோடு ஒப்பந்தம் செய்தவை அல்ல. சாம்பலால் மண்ணின் புளிப்புக் குறைந்து, போட்டியிட வேறு பூசணம் இல்லாத சில மாதங்களில் அவை அரசாள்கின்றன, பிறகு மறைகின்றன. வேர்த்துணைவர்கள் திரும்ப வருவது ஆண்டுகளில் கணக்கிட வேண்டிய காரியம். தீக்குப் பின் மண்ணில் பூசணத்தின் மொத்த எடையும் வகைகளும் குறைகின்றன என்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒருங்கே வைத்து மதிப்பிட்டவர்கள் இருபத்தோராம் நூற்றாண்டில் உறுதிப்படுத்தினர். அவ்வாராய்ச்சிகளிற் பெரும்பகுதி வட அமெரிக்கா, ஐரோப்பா முதலிய குளிர்நாட்டுக் காடுகளில் செய்யப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

இப்போது கிழக்கு ஜாவாவின் சவுக்குக் காட்டுக்குத் திரும்புவோம். அதன் புதிரை அவிழ்த்தவர் வான் ஸ்டீனிஸ். 1927 இல் போகோருக்கு வந்து, மலேயத் தீவுகளின் தாவரங்களுக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். அமீர் ஹம்சா, முகமது தோஹா என்னும் இரு இந்தோனேசிய ஓவியர்கள் தீட்டிய படங்களோடு அவர் 1972 இல் வெளியிட்ட ஜாவா மலைத் தாவரங்கள் பற்றிய நூல் கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்து. அவர் கூறியது இது: மான் மேயப் புதுப்புல் வேண்டும் என்று வேட்டைக்காரரும், மாடு மேய வேண்டும் என்று இடையரும், காரணமின்றியே வழிப்போக்கரும் கோடைதோறும் வைத்த தீயே சவுக்குக் காட்டை நிலைநிறுத்துகிறது. தடித்த பட்டையுள்ள பெருஞ்சவுக்கு புல் தீக்குச் சாவதில்லை. கரிந்த மரமும் மறுபடி துளிர்க்கும். அதன் சிறகுள்ள சிறுவிதை, தீ துடைத்த வெறுந்தரையில் வெயிலில் முளைக்கும். தீ நின்று போனால் நிழல் விரும்பும் பிற மரங்கள் அடியில் வளர்ந்து, சவுக்கின் கன்றுகளை ஒழித்துவிடும்.

இதை மண்ணடியிலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். அங்கே எரிவது புல், ஓடும் தீ, சூடு ஆழம் செல்லாது. அதற்குக் கீழே வேர்ப்பூசணம் பெரும்பாலும் தப்புகிறது. மேலும் சவுக்குக்கு இரண்டாவது துணையொன்று உண்டு. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குத் தருகிறது. தீயால் புகையாகப் போன நைட்ரஜனை இத்துணை ஈடு செய்கிறது. அந்நுண்ணுயிரின் பெயர் ஃபிராங்கியா. 1886 இல் சூட்டப்பட்ட அப்பெயர், ட்ரஃபிள் தேடப் போய் வேர்ப்பூசணம் கண்ட அதே ஃபிராங்கின் நினைவாக வைத்தது. யுங்ஹூன் பெயருள்ள மரத்தின் வேரில் ஃபிராங்க் பெயருள்ள உயிர் குடியிருக்கிறது. பெயர் வைத்தவர்கள் எவரும் இதைத் திட்டமிடவில்லை.

மேற்கு மலைகளின் கதை வேறு. குளிரும் ஈரமும் மிகுந்த அப்பாசிக் காட்டில் உதிர்ந்த இலை எளிதில் மக்குவதில்லை. ஆண்டாண்டாகச் சேர்ந்து, அரை மக்கான ஒரு மெத்தையாகப் படிகிறது. மரத்தின் ஊட்டவேர்கள் கீழே உள்ள மண்ணைவிட இந்த மெத்தையிலேயே மிகுதியாக ஓடுகின்றன. பூசண இழைகளும் அங்கேயே. வழக்கமான ஆண்டில் அதில் தீ பற்றாது; பிழிந்தால் நீர் சொட்டும். ஆனால் எல் நினோ ஆண்டுகளின் நெடும் வறட்சியில் அம்மெத்தை காய்ந்துவிட்டால், அதன்பின் விழும் நெருப்புப் பொறி ஓடுவதில்லை; உட்காருகிறது. சுவாலை இன்றி, புகை மட்டும் கசிய, வாரக்கணக்கில் உள்ளுக்குள் கனன்று நகர்கிறது. வேரும் பூசணமும் அவை வாழ்ந்த வீடும் சேர்ந்தே எரிகின்றன. இலைகள் பசுமையாக இருக்கும்போதே, பிடிப்பு இழந்த மரம் ஒருநாள் சாய்கிறது. 1998 இல் மெக்சிகோ நாட்டின் சிமலாபாஸ் என்னும் மேகக் காடுகளில், எல் நினோ வறட்சியை அடுத்து இத்தகைய தீ பெரும்பரப்பில் நிகழ்ந்தது. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையில் அடிக்கடி மூண்ட தீயினால் உயர்மலைக் காட்டின் மேல் எல்லையே பல இடங்களில் கீழே இறங்கிவிட்டது.

எரிந்தபின் வெற்று எரிமலை மண் மட்டும் மிஞ்சுகிறது. அதில் முதலில் குடியேறுபவற்றுள் ஒன்று ஜாவாவின் எடல்வைஸ் என்று மலையேறிகள் கொண்டாடும் வெண்பூச்செடி. ஊட்டமற்ற வெறுமண்ணிலும் அது நிற்கக் காரணம், வேர்ப்பூசணத்தோடு அது செய்துகொண்ட உறவுதான். ஆக, காடு தொடங்கும் இடத்திலும் அந்தப் பழைய ஒப்பந்தமே தொடங்குகிறது. காதலுக்கு அறிகுறி என்று அதைக் கொய்து கொண்டுபோகும் வழக்கம் இளைஞரிடையே பரவி, பிறகு தடை செய்யப்பட்டது. பறித்தவர்களுக்குத் தாங்கள் எதைப் பிடுங்குகிறோம் என்பது தெரிந்திராது.

தீயின் காரணங்கள் காலத்தோடு மாறியிருக்கின்றன. யுங்ஹூன் காலத்தில் வேட்டையும் மேய்ச்சலும். 2015 அக்டோபரில் லாவு மலையில் மூண்ட தீயில் மலையேறிகள் பலர் உயிர் இழந்தனர். அதுவும் ஓர் எல் நினோ ஆண்டு. 2023 செப்டம்பரில் புரோமோ மலையடியில், திருமணத்துக்கு முன்னர்ப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் கொளுத்திய வண்ணப் புகைக் குச்சியிலிருந்து புல்வெளி பற்றிக்கொண்டு, 500 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. மழை வந்ததும் புல் மீண்டும் பசுமையானது. புல் தீ அவ்வாறே மீளும். ஆனால் அது போன்ற ஒரு பொறி, வறண்ட ஆண்டில், கெடே மலையின் பாசிக்காட்டு மெத்தையில் விழுந்தால் மழைக்குப் பின் கிடைப்பது புல்லாக இருக்கலாம், காடாக இராது. ஜான்ஸே வேர் தோண்டிய அச்சரிவு 1980 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது.

மெத்தைத் தீயை அணைப்பது எப்படி என்று கேட்கலாம். மேலே நீர் தெளித்தால் போதாது. மேல்தோல் நனையும், உள்ளே கங்கு நகரும். தீயின் முன்னே வாய்க்கால் போல அகழி வெட்ட வேண்டும். மக்கும் வேரும் முழுதும் அகன்று, எரியாத கனிமண் தெரியும் வரை வெட்ட வேண்டும். புகை நின்ற பிறகும் வேலை முடிந்துவிடாது. தீயணைப்போர் முழங்காலிட்டு, சாம்பலை ஒதுக்கி, கையுறையைக் கழற்றிப் புறங்கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அடி அடியாக நகர்கிறார்கள். எங்கே கதகதப்புத் தெரிகிறதோ அங்கே மறுபடி தோண்டி, நீரும் மண்ணும் கலந்து கிளறி, மீண்டும் கை வைத்துப் பார்க்கிறார்கள்.